துணி சுற்றிய மணி

என் மகள் யாழினிக்கு மூன்று வயது முடிந்தும் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. அம்மா என்றுகூட அவள் என்னைக் கூப்பிட்டதில்லை. அய்யனாரைக் கும்பிடுகிற என் சொந்தங்களுக்கு என் கதையைச் சொல்ல இதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். வேறு சாமியைக் கும்பிடுகிறவர்களும் கேளுங்கள். பிள்ளை பெற்ற வயிறு எல்லோருக்கும் ஒன்றுதான்.

நான் ஆண்டிமடம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். வீட்டிலேயே தையல் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் அரை மணி நேரம் என் பேச்சைக் கேட்காமல் வெளியே போக முடியாது. என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், கேலியாகச் சொல்வார். "புள்ள எங்க பேசும்? அது பங்கையும் சேத்து நீயே பேசிப்புடுற." நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். பிறகு தையல் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டு அழுவேன். மிஷின் ஓடும் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

ஆனால் அவள் மந்தமான பிள்ளை இல்லை. காலையில் கூரை ஓட்டிடுக்கு வழியாக ஒரு கீற்று வெயில் விழும். அதில் பறக்கும் தூசியைப் பிடிப்பாள். பிடித்த கையை மூடிக்கொண்டு வந்து என் மடியில் மெதுவாகத் திறந்து கொட்டுவாள். ஒன்றும் இருக்காது. எனக்கு மட்டும் மடி நிறைந்த மாதிரி இருக்கும். வெட்டுத்துணிகளை வரிசையாக அடுக்கி, அதன்மேல் படுத்து, காதைத் தரையில் வைத்து மிஷின் ஓடுவதைக் கேட்பாள். கேட்டபடியே தூங்கிவிடுவாள். தலையில் தேங்காயெண்ணெய் வாசனையோடு அவள் தூங்குவதைப் பார்த்தால் எனக்கும் கண் சொக்கும். அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் பாதி கனவு மாதிரிதான் இருக்கிறது. அவ்வளவு அமைதி. அந்த அமைதிதான் என்னைத் தின்றது.

அரியலூரில் டாக்டரிடம் காட்டினோம். காது நன்றாகக் கேட்கிறது, சில பிள்ளைகளுக்குத் தாமதமாகும், பேச்சுப் பயிற்சி கொடுங்கள் என்றார். வாரம் ஒரு நாள் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். ஒருமுறை முன் சீட்டில் இவள் வயதுப் பிள்ளை ஒன்று, "அம்மா, மாடு பாரு, மாடு பாரு" என்று நச்சரித்துக்கொண்டே வந்தது. அதன் அம்மா சலித்துக்கொண்டாள். எனக்கு மனசு தாங்கவில்லை. இரண்டு நிறுத்தம் முன்னாடியே இறங்கி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தேன்.

அன்றைக்குத்தான் வேண்டிக்கொண்டேன். அய்யனாரே, என் பிள்ளையைப் பேச வை, உனக்கு மணி கட்டுகிறேன். என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். ஜெயங்கொண்டம் போனபோது ஒரு வெண்கல மணி வாங்கி வந்தார். உள்ளங்கையில் அடங்கும் அளவு.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நேர்ந்த மணியைக் கோயிலில் கட்டும்வரை அடிக்கக் கூடாது. அதன் சத்தத்தை முதலில் சாமிதான் கேட்க வேண்டும். அதனால் மணியின் நாக்கில் மஞ்சள் துணியைச் சுற்றி, சாமி மாடத்தில் வைத்துவிட்டார் அத்தை. பங்குனியில் குலதெய்வப் படையல் வரும்போது கட்டுவதாகப் பேச்சு.

படையலுக்குப் பத்து நாள் இருக்கும்போது நான் ஒரு தப்பு செய்தேன். யாழினிக்குக் காய்ச்சல் விட்டு ஒரே சிணுங்கல். எதைக் கொடுத்தாலும் தள்ளிவிட்டாள். மாடத்தைக் காட்டிக் கையை நீட்டினாள். அத்தை வெளியே போயிருந்தார். மணியை எடுத்துத் துணியை அவிழ்த்து அவள் கையில் கொடுத்துவிட்டேன். ஒரு தடவை ஆட்டினாள். கண் அகல என்னைப் பார்த்தாள். மறுபடியும் ஆட்டினாள். அப்படி ஒரு சிரிப்பை அதுவரை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அத்தை இல்லாத நேரமெல்லாம் மணி அவள் கையில்தான். அவர் வரும் சத்தம் கேட்டால் துணியைச் சுற்றி மாடத்தில் வைத்துவிடுவேன். சாமிக்கு நேர்ந்ததை விளையாட்டுச் சாமான் ஆக்கிவிட்டோமே என்று உள்ளுக்குள் உறுத்தும்.

அது முந்திரி உதிரும் காலம். எங்களுக்கு ஒரு ஏக்கர் முந்திரிக் காடு இருக்கிறது. அந்த வாரம் நானும் என் வீட்டுக்காரரும் அத்தையும் கூலிக்கு நான்கு பெண்களும் கொட்டை பொறுக்கப் போனோம். யாழினி மணியை விடாமல் கையில் இறுக்கிக்கொண்டாள். பிடுங்கினால் அழுவாள், அத்தைக்குத் தெரிந்துவிடும். அவள் கவுன் பையிலேயே போட்டுக் கூட்டிப் போனேன்.

முந்திரி மரம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், கிளை தரையைத் தொடும். ஒவ்வொரு மரத்தடியும் ஒரு தனி அறை மாதிரி. உள்ளே நிழலிலும் பழவாசனையிலும் தலை கிறுகிறுக்கும். நான் பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டே பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கதை பேசிக்கொண்டிருந்தேன். என்ன கதை என்று இன்றைக்கு ஞாபகமில்லை. திரும்பிப் பார்த்தபோது பிள்ளையைக் காணவில்லை.

காட்டின் மேற்கு ஓரத்தில் பாழுங்கிணறு ஒன்று உண்டு. கைப்பிடிச் சுவர் கிடையாது. எல்லோருக்கும் அதுதான் முதலில் ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரர் கிணற்றுப் பக்கம் ஓடினார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கிணற்றில் இல்லை என்று கையை ஆட்டினார். ஆனால் அவள் இன்னும் அந்தப் பக்கம் போகலாமே. நாங்கள் ஏழு பேரும் யாழினி, யாழினி என்று காடு அதிரக் கத்தினோம். கத்தி என்ன பிரயோஜனம்? என் பிள்ளைக்குப் பதில் சொல்லத் தெரியாதே. நான் மணியைத் தொட்டதற்கு அய்யனார் கொடுத்த தண்டனை என்றே நினைத்தேன். நெஞ்சில் அடித்துக்கொண்டேன். கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிட்டது. பிறந்ததிலிருந்து ஓயாத என் வாய் அன்றைக்குத்தான் ஓய்ந்தது.

மண்ணில் உட்கார்ந்தேன். சத்தம் வராத தொண்டையோடு கேட்டேன். அய்யனாரப்பா, நான் பேசினது போதும். நீ சொல்லு, நான் கேட்கிறேன்.

அப்போது ஒன்று தோன்றியது. யார் தோன்ற வைத்தார் என்று எனக்குத் தெரியும். எழுந்துபோய் அத்தையின் வாயைப் பொத்தினேன். "எல்லாரும் செத்த நேரம் சும்மா இருங்க" என்றேன். காற்றுதான் வந்தது, ஆனாலும் புரிந்துகொண்டார்கள். காடு அடங்கியது. சருகு சத்தம். எங்கேயோ மைனா. அதற்கப்புறம், ரொம்ப மெல்லிசாக, டிங்.

நான் ஓடவில்லை. ஓடினால் சருகு சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடும். ஒவ்வோர் அடியாக வைத்து நடந்தேன். நிற்பேன், கேட்பேன், நடப்பேன். மேற்கு ஓரத்துக் கடைசி மரத்தின் கிளையை விலக்கினேன். யாழினி உட்கார்ந்திருந்தாள். முந்திரிப் பழங்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு பழத்துக்கும் ஒருமுறை மணியை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து கிணறு பத்தடி. என்னைப் பார்த்து, எனக்கும் ஒருமுறை ஆட்டினாள்.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். பேத்தியின் கன்னத்து மண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "துணி சுத்துனபடியே இருந்திருந்தா எம்புள்ள எங்க இருக்கான்னு எப்படிடி தெரிஞ்சிருக்கும்? விடு. அய்யனாரு தெரிஞ்சேதான் அவுக்க வச்சிருக்காரு."

படையல் அன்று கோயிலுக்குப் போனோம். பூசாரி அண்ணன் மணியை வாங்கி, குதிரைச் சிலைக்குப் பக்கத்துக் கம்பியில் கட்டினார். மற்ற மணிகளோடு அதுவும் ஆடியது. யாழினி அண்ணாந்து பார்த்தாள். உதடு பிதுங்கியது. அழப்போகிறாள் என்று நான் தூக்கப் போனேன். அவள் அழவில்லை. அய்யனாரைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"குடு."

அவள் காலைத் தரையில் உதைத்து இன்னும் சத்தமாகச் சொன்னாள். "மணி குடு!"

என் பிள்ளையின் முதல் பேச்சே சாமியோடு சண்டை. அத்தை கீழே விழுந்து கும்பிட்டார். என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கி அணைத்துக்கொண்டு சிரித்தார், அழுதார். பூசாரி அண்ணன் மட்டும் நிதானமாக இருந்தார். "கட்டுன மணிய அவுக்க முடியாது பாப்பா. நீ வாரா வாரம் வந்து அடிச்சிட்டுப் போ. இனிமே அது உங்க ரெண்டு பேரு மணி."

ஓராண்டு ஆகிவிட்டது. பயிற்சியை நாங்கள் நிறுத்தவில்லை. நீங்களும் நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. அம்மா என்று கூப்பிட இன்னும் இரண்டு மாதம் ஆனது. இப்போது என் வாயை அவள் மிஞ்சிவிட்டாள். நான்தான் மாறிப்போனேன். அளவு கொடுக்க வருகிறவர்கள் பேசுகிறார்கள், நான் கேட்கிறேன். அவர்கள் வீட்டுக் கஷ்டமெல்லாம் இத்தனை வருடம் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு குறை இருக்கலாம். நன்றாக அழுது, வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். பதில் மெல்லிசாகத்தான் வரும்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. யாழினி என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள். "அம்மா, எழுதினது போதும். மணிகிட்ட போலாம் வா." இதோ கிளம்புகிறோம்.