ஏழாம் பாடத்தின் வெளிக்கோடு

ஜெபகுமாரைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். மூன்று மாதம் என் வீட்டு மாடியறையில் கேமராவை வைத்துக்கொண்டு அவன் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. "சூப்பர்க்கா" என்பான். நான் மூச்சு விடுவதற்குள், "இன்னொரு தடவை எடுத்துக்கலாமா?" என்பான்.

என் பெயர் குணமாலா. காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் இருபத்திரண்டு வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன், தைக்கச் சொல்லியும் கொடுக்கிறேன். சென்னையில் ஆன்லைன் வகுப்பு நடத்தும் ஒரு நிறுவனம், பட்டு ஜாக்கெட் வெட்டுவதை இருபது பாடமாக எடுத்துத் தரச் சொன்னது. பட்டுப் புடவையோடு வருவது ஒரே ஒரு ஜாக்கெட் துண்டு. அதைத் தப்பாக வெட்டிவிட்டால் அதே நிறத்தில், அதே பார்டரில் இன்னொரு துண்டுக்கு எங்கே போவது? வீட்டில் தனியாக உட்கார்ந்து, போனைப் பார்த்து வெட்டுகிறவளுக்கு ஒவ்வொரு கோடும் பளிச்சென்று தெரிய வேண்டும். இதை நிறுவனத்துக்கு எடுத்துச் சொன்னவளே நான்தான்.

படம் எடுக்க அவர்கள் அனுப்பியவன் ஜெபகுமார். ஏனாத்தூர்க்காரன். முப்பது வயதுதான் இருக்கும். பத்து வருடம் கல்யாண வீடியோ எடுத்தவன், காஞ்சிபுரத்தில் அவன் ஏறாத மண்டப மேடை கிடையாது.

முதல் நாளே சண்டை. நல்ல காரியம் தொடங்குகிறோம் என்று பீரோவிலிருந்து பொடிக்கட்டம் போட்ட பட்டுப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றேன். இந்த ஊரில் நல்ல நாளுக்கு வேறு எதைக் கட்டுவார்கள்? அவன் கேமராவின் சின்னத் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அக்கா, திரையில கட்டம் நெளியுதுக்கா. புழு ஊர்ற மாதிரி இருக்குது. பிளெயின் காட்டன் எதுனா இருக்குதா?"

"பட்டைப் பாத்து புழுன்றியே, நீயெல்லாம் காஞ்சிபுரத்துக்காரனாப்பா?"

"நான் சொல்லலக்கா, கேமரா சொல்லுது."

போய் மாற்றிக்கொண்டு வந்தேன். அன்று முழுக்க முகத்தை உர்ரென்று வைத்திருந்தேன். முதல் பாடத்தைப் பார்த்தால் இப்போதும் தெரியும்.

அதன் பிறகு தினம் ஒன்று. ஜரிகையில் வெளிச்சம் பட்டுக் கண் கூசுகிறது என்று ஜன்னலுக்கு வேட்டியைக் கட்டினான். சத்தம் விழுகிறது என்று ஃபேனை நிறுத்தி என்னை வேக வைத்தான். பக்கத்து வீட்டில் தறி ஓடினால், நெய்கிறவர் சாப்பிட எழுந்திருக்கும்வரை காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எல்லாவற்றையும் விடக் கொடுமை என் சாப்பாடுதான். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது எங்கள் சமண வீட்டு வழக்கம். இருட்டிவிட்டால் சாப்பாடு கிடையாது. அவனுக்கோ மாலை ஐந்து மணிக்குத்தான் வெளிச்சம் பிடித்த மாதிரி வரும். இரண்டு நாள் அவனால் பட்டினியாகப் படுத்தேன்.

மூன்றாம் நாள் கத்திவிட்டேன். "போதும்ன்றதே உனக்குக் கிடையாதாப்பா? கம்பெனிக்காரங்களே ஒண்ணும் கேக்கல, நீ ஏன் உயிர எடுத்துக்கினு இருக்கிற?"

அவன் கோபப்படவில்லை. கேமரா ஸ்டாண்டை மடக்கிக்கொண்டே சொன்னான்: "நான் மொத மொதல்ல எடுத்த கல்யாணத்துல, தாலி கட்டுற நேரத்துக்கு ஒருத்தர் குறுக்க வந்து நின்னுட்டாருக்கா. அவர் முதுகுதான் வீடியோவுல விழுந்துச்சு. பொண்ணோட அம்மா பாத்துட்டு அழுதாங்க. இன்னொரு தடவை கட்டுங்கன்னு அங்க கேக்க முடியுமா? இங்கதான்க்கா கேக்க முடியுது."

மறுநாளிலிருந்து நாலு மணிக்கே, "போய் சாப்ட்டு வாங்கக்கா" என்று அவனே என்னை அனுப்பிவிடுவான். ஆனாலும் என் எரிச்சல் தீரவில்லை.

ஏழாம் பாடம், ஜாக்கெட்டில் கையைப் பொருத்துகிற கைக்குழி வளைவு. துணியில் இரண்டு கோடு போடுவேன். தைப்பதற்கு உள்கோடு, அது அழுத்தமாக இருக்கும். வெட்டுவதற்கு அரை இஞ்ச் தள்ளி வெளிக்கோடு. கத்தரியோடு போய்விடப் போகிற கோடுதானே என்று அதை மட்டும் லேசாகப் புள்ளி புள்ளியாக வைப்பேன். கைப்பழக்கம் அப்படி. ஐந்து தடவை எடுத்துவிட்டு ஜெபகுமார் சொன்னான்: "'இந்தக் கோட்டுல வெட்டுங்க'ன்னு சொல்றீங்கக்கா. 'வெளிக்கோடு'ன்னு வாயால சொல்லிடுங்க. இன்னொரு தடவை..."

"வெரலால தொட்டுக் காட்டுறேனே, பாக்கிறவங்களுக்குக் கண்ணு இல்லையா?" என்று எழுந்துவிட்டேன். படம் தெளிவாகத்தான் இருக்கிறது, சமாளித்துக்கொள்ளலாம் என்று அவனும் விட்டுவிட்டான்.

அளவெல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறேனா என்று நான் பார்ப்பதற்காக, ஒவ்வொரு பாடத்துக்கும் வாட்ஸப்பில் ஒரு சின்ன நகல் அனுப்புவான். அசல் ரொம்பப் பெரிது. அதை அவன்தான் தன் வீட்டிலிருந்து நிறுவனத்துக்கு ஏற்றுவான். ஏழாம் பாடம் மட்டும் மூன்று முறை முயன்றும் முக்கால்வாசி ஏறி நின்றுபோனது. வெள்ளிக்கிழமை எல்லாம் வெளியாக வேண்டும் என்று நிறுவனத்திலிருந்து திரிஷா என்ற பெண் மணிக்கொரு தரம் என்னை அழைத்தாள். "மேம், அந்த ஒரு வீடியோதான் பெண்டிங்." ஜெபகுமாரைக் கேட்டால், "திங்கக்கிழமை ஃப்ரெண்டு ஆபீஸ்ல போய் ஏத்திடுறேன்க்கா. அங்க நெட்டு நல்லா இருக்குது" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாடம்தான் என் போனிலேயே இருக்கிறதே! வாட்ஸப் நகலை அப்படியே திரிஷாவுக்கு அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை இருபது பாடமும் வெளிவந்தன.

"அந்தக் காப்பியையாக்கா அனுப்புனீங்க?" என்று மட்டும் கேட்டான் ஜெபகுமார். மாற்றச் சொல்லி உடனே திரிஷாவைக் கூப்பிட்டான். வெளியான பாடத்தை வியாழக்கிழமைகளில்தான் மாற்றுவார்களாம்.

புதன்கிழமை காலை, திருமுக்கூடலிலிருந்து ஹர்ஷினி என்ற பெண் பஸ் ஏறி வந்தாள். அடுத்த வாரம் அவளுக்கு நிச்சயதார்த்தம். பையிலிருந்து அரக்கு நிறப் பட்டுத் துண்டை எடுத்து மேசைமேல் விரித்தாள். கைக்குழியை உள்கோட்டிலேயே வெட்டியிருந்தாள். தையலுக்குப் பிடிக்கத் துணியே இல்லை.

"எந்தக் கோட்டுலமா வெட்டுன?"

"நீங்க காட்டின கோட்டுலதான் மிஸ். ஒரு கோடுதானே இருக்குது?"

போனில் ஏழாம் பாடத்தைப் போட்டாள். என் விரல் துணியைத் தொட்டது. "இந்தக் கோட்டுல வெட்டுங்க" என்றது என் குரல். போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். இத்தனை வருடமாக நான் போடுகிற கோடு, எனக்கே தெரியவில்லை. அந்தச் சின்ன நகலில் புள்ளிகளெல்லாம் மங்கித் துணியோடு கரைந்துபோய், விரலுக்குக் கீழே அழுத்தமான உள்கோடு மட்டும்தான் இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஜெபகுமாரை வரச் சொன்னேன். திட்டுவான் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. லேப்டாப்பைத் திறந்து அசலை ஹர்ஷினிக்குக் காட்டினான். வெளிக்கோட்டின் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

"இது ஏன் மிஸ் எங்களுக்கு வரல?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன், "நெட்டு பிரச்சினைமா" என்றான்.

வெட்டிய மிச்சத் துணியில் ஒட்டுப்போட்டு, அவள் ஜாக்கெட்டை நானே தைத்துக் கொடுத்தேன். கையைத் தூக்கினால்தான் ஒட்டு தெரியும்.

அன்று சாயங்காலமே ஏழாம் பாடத்தைத் திரும்ப எடுத்தோம். வெளிக்கோட்டை அழுத்திப் போட்டேன். வாயாலும் சொன்னேன். அவன் சரி என்ற பிறகும், "இன்னொரு தடவை எடுப்பா" என்றேன்.

"பொழுது போகுதே, சாப்பிடலையாக்கா?"

"நீ எடு."

ஃப்ரெண்டு ஆபீஸுக்கு நேரே போய், ஏற்றி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

வியாழக்கிழமை திரிஷா அழைத்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். "புது வீடியோ போட்டாச்சு மேம். பழசுக்கே செம ரெஸ்பான்ஸ். ஆறே நாள்ல நூத்திப் பதினேழு பேர் பாத்திருக்காங்க!"

நூற்றுப் பதினேழு பேர். அதில் பஸ் ஏறி வந்தவள் ஒருத்திதான்.