சோதித்துப் பார்த்த நாலு பாட்டு

என் மச்சான் டிரெய்லர் லாரி ஓட்டுகிறான். எண்ணூர் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் அவன் வண்டி அரை நாள் வரிசையில் நிற்கும். கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று என் லேப்டாப்பிலிருந்து பென்டிரைவில் பாட்டு ஏற்றிக் கொடுத்தேன். வரிசையிலிருந்தே போன் செய்தான்.

"இன்னா மாமு ஏத்திக் குட்த்த? ஒரு பாட்டு பாடுது, அப்பால செட்டு கம்முனு கீது. நானே தட்டிவுட்டாதான் அடுத்தது வருது."

எல்லாம் லேப்டாப்பின் வேலை. பென்டிரைவில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் அதே பெயரில், முன்னால் ஒரு புள்ளி வைத்து, இன்னொரு கோப்பை ஒளித்து வைக்கிறது. அது என் திரையில் தெரியாது. லாரி செட்டுக்கு மட்டும் தெரியும். அதையும் பாட்டு என்று நம்பிப் பாடப் போய், திணறி நிற்கும். இதை யார் கேட்டார்கள்?

பென்டிரைவைத் திரும்ப வாங்கி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாத்தூரில் என் வீட்டில் உட்கார்ந்து, ஒளிந்திருந்ததையெல்லாம் வெளியே வரவைத்து ஒவ்வொன்றாக அழித்தேன். கொடுப்பதற்கு முன், அவனுக்கு ரொம்பப் பிடித்த நாலு பாட்டை மட்டும் லேப்டாப்பிலேயே ஓடவிட்டுப் பார்த்தேன். நன்றாகவே பாடின.

மறுநாள் மறுபடியும் போன்.

"மத்ததெல்லாம் சோக்கா பாடுது மாமு. எனக்குப் புட்ச்ச நாலு பாட்டாண்ட வந்தா மட்டும் நின்னுக்குது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கேட்டுப் பார்த்த அந்த நாலுக்கு மட்டும், கேட்கும்போதே, லேப்டாப் மறுபடி அந்தப் புள்ளி வைத்த கோப்பை ஒளித்து வைத்திருக்கிறது. அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவனே சொன்னான்.

"அடுத்த தபா நல்லா செக் பண்ணிக் குடு மாமு."