கண்ணுச்சாமி சொன்ன காரணம்

சந்திரவல்லி கதை எழுதுகிறாள் என்பது அவள் புருஷனுக்கு மட்டும்தான் தெரியும். அவனோ ஏலத்தோட்டத்துக்குப் போனால் மாசத்துக்கொரு முறைதான் மலையிறங்குவான். மாமியார் ஜக்கம்மாளுக்குத் தெரிந்ததெல்லாம், மருமகள் அடுப்படியில் ஆம்பளைக் குரலில் பேசுகிறாள் என்பதே.

பேசியது கண்ணுச்சாமி. அவள் கதையில் வரும் பொதிமாட்டுக்காரன். போடிமெட்டுப் பாதையில் கூடப்பிறந்த தம்பியைப் பள்ளத்தில் தள்ளியவன். ஏன் தள்ளினான் என்பது அவளுக்கே பிடிபடவில்லை. சொத்துத் தகராறு என்று எழுதினாள், "பொய்" என்றான். பொம்பளை விவகாரம் என்றாள், சிரித்தான். அதற்குமேல் கதை நகரவில்லை.

ஜக்கம்மாள் பேயோட்டும் கோடாங்கி தவசியைக் கூட்டி வந்துவிட்டாள்.

"அத்தே, எனக்கு ஒண்ணுமில்லை. கதைதான் கட்டுறேன்."

"கதை கட்டுறவ ஒழுங்கா சோத்தை வடிச்சுட்டுக் கட்டு. கழுத்தை நெரிப்பேன்னு அடுப்புக்கிட்ட எதுக்குடி சொல்றே?"

பேயில்லை என்று சாதித்தால் சாட்டையடி. உண்டென்றால் உச்சிமுடியை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடிப்பார்கள். அதோடு கண்ணுச்சாமி போய்விட்டால் கதை பாதியில் நின்றுவிடும். சாட்டையைப் பார்த்தாள். பேரை மட்டும் சொல்லித் தப்பிக்கலாம் என்று முடிவு செய்தாள்.

உச்சிவெயிலில் உடுக்கை அதிர்ந்தது. தவசி அவள் கொண்டையை அவிழ்த்து முடியைக் கையில் சுற்றினான்.

"பேரென்ன?"

"கண்ணுச்சாமி."

"யாரைக் கொன்னே?"

"தம்பியை."

"எதுக்கு? சொல்லுடா வெரசா."

சாட்டை ஒருமுறை தரையில் விழுந்தது. அவள் வாய் தானாகத் திறந்தது.

"தள்ளலை. வழுக்கித் தொங்குனான். கையைப் பிடிச்சிருந்தேன். ரொம்ப நேரம் பிடிச்சிருந்தேன். வலிச்சுச்சு. விட்டுட்டேன்."

உடுக்கை நின்றுபோனது. தவசி முடியை அறுத்துக்கொண்டு எழுந்து போனான்.

மறுநாள் அடுப்படியில் உட்கார்ந்து கூப்பிட்டுப் பார்த்தாள். சத்தமில்லை. ஆனாலும் தாளை எடுத்தாள். எடுத்த கை நிற்கவேயில்லை. இனி அவன் சொல்ல வேண்டியது எதுவும் பாக்கியில்லை.

"இப்ப யாராச்சும் பேசுறாங்களா?" வாசற்படியில் நின்று கேட்டாள் ஜக்கம்மாள்.

"இல்லைத்தே."

அது நிஜம்தான். ஐப்பசி மழை பிடித்தபோதுதான் செத்துப்போன தம்பி வாயைத் திறந்தான். அண்ணன் சொன்னது முழுக்கச் சரியில்லை என்றான். ஜக்கம்மாள் கூடத்தில் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

சந்திரவல்லி சொம்பை எடுத்து வாய் நிறையத் தண்ணீரை அடக்கிக்கொண்டு, எழுத உட்கார்ந்தாள். பிறகு கடைசிவரை அப்படித்தான் எழுதினாள். மருமகள் மௌன விரதம் இருக்கிறாள் என்று ஜக்கம்மாள் தெருவெல்லாம் சொல்லிவைத்தாள்.