குழாயாய் வந்த போர்வை

காலை ஆறே கால் மணி. கட்டிங் மேசையின் மேலிருந்த குழல்விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது கத்தரிக்கோல். அப்புறம்தான் போர்வையைப் பார்த்தேன். அதைப் போர்வை என்று அன்று யாரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். இரண்டு முனையும் திறந்த ஒரு பெரிய பின்னல் குழாய், வெள்ளையும் கருநீலமுமாக மேசைமேல் தட்டையாகக் கிடந்தது. அதை நெடுக வெட்டி விரித்தால்தான் போர்வை.

எழுபதுகளின் தொடக்கம். திருப்பூர் மண்ணரையில் வீட்டின் முன்பகுதி எங்கள் பனியன் பட்டறை, பின்பகுதியில் குடியிருப்பு. அன்று ஞாயிற்றுக்கிழமை, மிஷின்கள் ஓடவில்லை. அடுத்த ஞாயிறு பெருமாநல்லூருக்கு அப்பால் ஒரு தோட்டத்து வீட்டில் என் கணவருடைய அக்காவின் குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் சீர் எங்கள் வீட்டிலிருந்து போக வேண்டும்.

அந்த அக்காவை நான் நங்கை என்று கூப்பிடுவேன். அவருடைய வளைகாப்புக்கு நாங்கள் கொண்டுபோன தட்டுகளை அவர் மாமியார் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எல்லாம் கடையில வாங்குனதுதானுங்களா? மிஷினு ஓட்டறவங்க ஊடுன்னா கை வேலைக்கு ஆளிருக்காதாட்ட இருக்குது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நங்கை சிரிக்கவில்லை. காது குத்துக்குத் தேதி வைக்கப் போயிருந்தபோது என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்துச் சென்றார்.

"கண்ணு, இந்தத் தடவை இவிங்க வாயடைக்கற மாதிரி ஒண்ணு கொண்டா. இன்னொருக்கா அந்தப் பேச்சு வந்துதுன்னா எனக்கு இந்த ஊட்டுல தலை நிமுந்து நடக்க முடியாது."

"கொண்டாறேனுங்க நங்கை" என்று சொல்லிவிட்டேன். என்ன கொண்டுவருவது என்று அப்போது எனக்கே தெரியாது.

கல்யாணத்துக்கு முன் கோவையில் ஒரு நாளிதழில் புரூஃப் பார்த்தவள் நான். அச்சடித்த காகிதம் எது கிடைத்தாலும் படித்துவிடும் பழக்கம் அங்கே வந்தது. பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு வெளிநாட்டுப் பெண்கள் பத்திரிகையில் அந்தப் படம் இருந்தது: ஒரு தொட்டிலின் மேல் விரித்த போர்வை, அதில் கோட்டைச் சுவர்போலக் கட்டம் கட்டமாக இரண்டு நிறங்கள். மொசைக் குரோஷா என்று தலைப்பு. மொசைக் என்றால் எங்களுக்குத் தரை. குரோஷா என்றால் பள்ளிக்கூடத்தில் பழகிய கொக்கி ஊசி, ரேடியோமேல் போடும் பூவிரிப்பு. இரண்டும் சேர்ந்து நான் கேள்விப்பட்டதில்லை.

செய்முறையை மூன்று முறை படித்ததும் சூட்சுமம் பிடிபட்டது. ஒரு வரிசை முழுக்க வெள்ளை, அடுத்த வரிசை முழுக்க நீலம். ஒரே நேரத்தில் இரண்டு நூலைக் கையில் பிடிக்கிற சங்கடமே இல்லை. வெள்ளை வரிசை போடும்போது, கோலம் கேட்கிற இடத்தில் மட்டும் ஊசியைக் கீழே இறக்கி, முந்தைய வெள்ளை வரிசையிலிருந்து நீளமான ஒரு கண்ணியை மேலே இழுக்க வேண்டும். அது நடுவிலுள்ள நீலத்தின் மேல் படுத்து அதை மறைத்துவிடும். நீலத்தின் முறை வரும்போது நீலம் வெள்ளையை மறைக்கும். பட்டறை நூலையே பல இழை சேர்த்து முறுக்கிக்கொண்டேன். நாலு விரல் உயரம் வந்ததும் முதல் கட்டம் முகம் காட்டியது. நான் வரையவில்லை, ஒட்டவில்லை. அது தானாக எழுந்து நின்றது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

பால் வாசனைக்கு எழுந்து வந்த என் மாமியார்தான் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். உள்ளே கையை விட்டார். மறுபக்கம் கை வெளியே வந்தது.

"என்ன கண்ணு இது? யானைக்குப் பனியனா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு வரிசை முடிவிலும் நூலை அறுத்துவிட்டு, மறுபடி தொடக்கத்துக்கு வந்து புது நூல் கட்ட வேண்டும் என்று பத்திரிகை சொன்னது. அந்த வரியைப் படித்தேன். கை அதை ஏற்கவில்லை. பட்டறையில் நூலில் முடிச்சு வந்தால் ஊசி உடையும், துணியில் ஓட்டை விழும். அறுத்து அறுத்துக் கட்டுவதைப் போன்ற அபத்தம் எங்களுக்கு வேறில்லை. போதாததற்கு, வட்ட மிஷினிலிருந்து துணி குழாயாகவே இறங்குவதை நாள் முழுக்கப் பார்க்கிற கண். பின்னல் என்றால் குழாய். தொடக்கச் சங்கிலியை எடுத்தவுடனே வளையமாகச் சேர்த்துவிட்டுச் சுற்றிச் சுற்றிப் போட்டிருந்தேன்.

"பிரிச்சுட்டு மறுக்காப் போடு" என்றார் கணவர். மாமியார் விடவில்லை. "இருடா. கை ரெண்டு வெச்சுத் தெச்சுட்டா கோயில் யானைக்குக் குடுத்தரலாம்."

பிரிக்கவில்லை. குழாயில் ஓர் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வளையத்தின் நீளத்துக்குள் கட்டங்கள் சரியாக அடங்காமல் சில கண்ணிகள் மிச்சம் விழுந்திருந்தன. அவற்றைக் கோலமில்லாமல் வெறுமனே போட்டு வந்ததில், மேலிருந்து கீழ்வரை இரண்டு விரல் அகலத்தில் ஒரு சந்து உண்டாகியிருந்தது. பனியன் துணியையும் குழாயாகப் பின்னி வெட்டத்தானே செய்கிறோம்?

மாதிரிக்குக் கையகல வளையம் ஒன்று பின்னினேன். சந்தின் இரு ஓரமும் தையல் மிஷினில் இரட்டைத் தையல் ஓட்டி, நடுவே வெட்டி, துவைக்கிற கல்லில் நன்றாக அடித்துப் பார்த்தேன். பிரியவில்லை. அன்றிலிருந்து மழைக்காலம் முழுவதும் தைரியமாகச் சுற்றிச் சுற்றிப் பின்னினேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை. தையல் முந்தின நாளே ஓட்டியாகிவிட்டது. வெட்டுவதற்கு எங்கள் கட்டிங் மாஸ்டரை வரச் சொல்லியிருந்தேன். வந்தார், குனிந்து பார்த்தார், துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மிணி, மிஷின் துணின்னா கண்ணை மூடிட்டு வெட்டுவேனுங்க. இதுல நான் கை வெக்க மாட்டேன். கண்ணி ஓடுச்சுன்னா உங்க மாமியா என்னைய வெட்டிப் போடுவாங்க."

"நான் எதுக்கு உன்னைய வெட்டறேன்?" என்றார் மாமியார் வாசலிலிருந்து. "அவளே வெட்டட்டும். முழுசா வந்தா சீரு. பிஞ்சுதுன்னா கரித்துணி."

கரித்துணியானால் அடுத்த ஞாயிறு அந்தக் கூடத்தில் நங்கை எந்தப் பக்கம் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும்.

கத்தரிக்கோலை எடுத்தேன். கனம் அதிகம், அது ஆண் கைக்கு அடித்த கத்தரி. முதல் வெட்டுக்குச் சத்தம் வந்தது, வைக்கோலை நறுக்குகிற மாதிரி. மாஸ்டர் மறுபக்கம் நின்று, கேட்காமலே, துணி இழுபடாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். பாதி தூரத்தில் ஒரு நீலக் கண்ணி துள்ளி வெளியே வந்தது. முதல் தையலைத் தாண்டியது. இரண்டாவது தையலில் முட்டி நின்றது. ஊசியால் அதை உள்ளே குத்தி, கடைசிவரை வெட்டினேன்.

கத்தரியைக் கீழே வைத்தபோது குழாய் தானாக இரண்டு பக்கமும் சரிந்து மேசையை மூடியது. கட்டங்கள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நேராக ஓடின. ஓர் இடத்திலும் பிழையில்லை. புரூஃப் பார்க்கிற கண்ணோடு வரிசை வரிசையாகத் தேடினேன், இல்லை. வாய்விட்டுச் சிரித்தேன். "அட சாமி!" என்றார் மாஸ்டர். மாமியார் கிட்டே வந்து ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், இன்னொரு முறை பலமாக இழுத்தார், பிறகு காப்பி போடப் போனார். வெட்டுவாயை மறைத்து நாலு பக்கமும் நீலக் கரை பின்னி முடிக்க அந்த வாரம் சரியாக இருந்தது.

காது குத்தன்று என் தட்டு மூன்றாவதாகப் போனது. நங்கையின் மாமியார் போர்வையை எடுத்து விரித்தார். கூடத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் விஷயம் தெரிந்தவர். உடனே திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மொசைக் பின்னலுக்குப் பின்பக்கம் கோலம் கிடையாது. வெள்ளையும் நீலமுமாக வெறும் கோடுகள்.

"ஏனுங்க, பின்னால வேற துணி வெச்சுத் தெச்சிருக்கறீங்களா?"

"இல்லீங்க. ஒரே பின்னல்தானுங்க."

நகத்தால் கீறிப் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம்.

"எந்த மிஷின்ல போட்டதுங்க?"

நான் வாய் திறப்பதற்குள் நங்கை சொன்னார், கூடம் முழுக்கக் கேட்கும்படி: "மிஷின் இல்லீங்கத்தை. எங்கூட்டுப் புள்ள கையில போட்டதுங்க."

பெண்கள் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். ஒருத்தி சொல்லித் தர முடியுமா என்று கேட்டாள். தாய்மாமன் மடிமேல் அதை விரித்து, குழந்தையை அதில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். நங்கை அன்று முழுவதும் கூடத்தின் நடுவில்தான் நின்றார்.

சாயங்காலம் நாங்கள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, அவருடைய மாமியார் போர்வையை நாலாக மடித்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார்.