நத்தார்க் கேக்கும் கில்பட்டின் மூக்கும்

குறிஞ்சிப்பிட்டியில் கில்பட்டை விட நல்ல மீனவர்கள் இருபது பேராவது இருந்தார்கள். வெங்காயப் பயிர் போடுவதில் அவரை விடக் கெட்டிக்காரர்கள் நாற்பது பேர். பங்கின் அன்பியச் செபக் கூட்டத்தில் அவர் பாட்டெடுத்தால் பக்கத்திலிருப்பவர்கள் சுருதியைத் தேடி அலைவார்கள். இப்படி எதிலும் முதலிடம் வராமலே அறுபது வயதைத் தாண்டிய மனிதருக்கு, ஊரில் வேறெவருக்கும் வாய்க்காத ஒரு பதவி வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. அவர் தன் மனைவி யூஜினியின் மூக்கு.

அந்தப் பதவி கொரோனா தந்த கொடை. காய்ச்சல் போனபோது யூஜினியின் மோப்பத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது, திருப்பித் தரவில்லை. உப்பும் உறைப்பும் நாக்கில் தெரியும், மணம் மட்டும் தெரியாது. பருப்பு அடிப்பிடித்து அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்த பிறகும் அவள் அடுப்படியில் நின்று கிண்டிக்கொண்டிருந்தாள். அன்று சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவள் அழுத அழுகையைப் பார்த்து, வாழ்நாளில் அடுப்படிப் பக்கம் தலைவைத்துப் படுக்காத கில்பட், "இனி நான் மணந்து சொல்லுறன்" என்றார்.

அன்று முதல் அவருக்கு நடந்த மரியாதையைச் சொல்லி மாளாது. யூஜினி சட்டி மூடியைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே பிடிப்பாள். அவர் கண்ணை மூடி, பங்குச் சுவாமி பூசையில் நிற்பதுபோல நின்று, மூச்சை இழுத்து, "பச்ச மணம் இன்னும் போகல்ல" என்பார். அவள் மறுபேச்சின்றி மூடிவிட்டு இன்னும் கொதிக்க விடுவாள். முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் கில்பட் சொல்லி யூஜினி மறுபேச்சுப் பேசாத ஒரே இடம் அதுதான்.

இரண்டாவது பதவி கடல் தந்தது. மூன்று வருடங்களுக்கு முன் அவருடைய போட் கவிழ்ந்து, வெறும் பிளாஸ்டிக் எண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்தபடி நாலு மணித்தியாலம் மிதந்தார். கரை சேர்ந்தால் குடியை விடுவதாகப் புனித அன்னம்மாளுக்கு நேர்த்தி வைத்தார். கரை சேர்ந்தும் விட்டார். தலவில் கோயிலில் அவள் திருவிழாவுக்குப் போய், சொரூபத்துக்கு முன்னால் முழங்காலிட்டு, சாராயம், கள்ளு, கசிப்பு, பியர் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சத்தியம் செய்தார். பங்குச் சுவாமி அதை மறக்கவில்லை. குடிப்பழக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் வைக்கும்போதெல்லாம், "நம்மட கில்பட்டைப் பாருங்க" என்பார். சனம் திரும்பிப் பார்க்கும். கில்பட் பணிவோடு தரையைப் பார்ப்பார்.

தரையைப் பார்க்கக் காரணம் இருந்தது. இத்தாலியில் வேலை செய்யும் மகள் அஜித்தா, கிறிஸ்து பிறப்பு நாளான நத்தாருக்குச் செய்யும் கேக்குக்கென்று வருடா வருடம் ஆவணியில் ஊருக்கு வருகிறவர்கள் கையில் ஒரு போத்தல் பிரண்டி கொடுத்தனுப்புவாள். அது அலுமாரிக்குள் சேலைகளுக்குப் பின்னால் மார்கழி வரை தவமிருக்கும். கில்பட் சத்தியம் செய்த பட்டியலை மனதுக்குள் நிதானமாகத் திரும்பப் படித்துப் பார்த்தார். அதில் பிரண்டி இல்லை. அன்னம்மாள் கவனித்திருப்பாள்தான், ஆனால் அந்த நேரத்தில் அவள் ஒன்றும் சொல்லவில்லையே.

முதல் வருடம் கால் போத்தல் குறைந்தது, இரண்டாம் வருடம் முக்கால். இந்த வருடம் கார்த்திகை முடிவதற்குள் போத்தல் காய்ந்துவிட்டது. குறைந்ததை நிரப்ப நல்ல சாயத்தில் பால் சேர்க்காத பிளேன்டீ ஊற்றி, துணியால் வடித்து, ஆறவைத்து, யூஜினி கேக்குக்குக் குழைக்கும் அன்று காலையில் போத்தலில் விடுவார். மணம் தெரியாதவளுக்கு நிறம் மட்டும் சரியாக இருந்தால் போதும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். மேய்ந்த வேலிக்கு ஊரில் பாராட்டு வேறு.

"இங்க பாருங்க, மணம் எப்பிடி?" என்று போத்தலை நீட்டினாள் யூஜினி.

"தூக்குது" என்றார் அவளுடைய மூக்கு.

யூஜினி கேக் செய்யும் விதம் இது: ரவை, பட்டர், முட்டை, பிளம்ஸ், கஜுப் பருப்பு, சீனிப்பாகில் ஊறிய இஞ்சித் தோசி, பூசணித் தோசி எல்லாவற்றையும் பெரிய தாச்சியில் கலந்து, கலவையை இரண்டாகப் பிரிப்பாள். ஒரு பாதியில் பிரண்டி விடுவாள். மற்றப் பாதியில் ஒரு துளியும் விடமாட்டாள், அதற்குக் கரண்டியும் வேறு, தாச்சியும் வேறு. அந்தப் பாதி அடுத்த முஸ்லிம் வீட்டு லெய்லாவுக்கு. இருபத்தேழு வருடமாக நோன்புப் பெருநாளைக்கு அங்கிருந்து, கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் வரும், நத்தாருக்கு இங்கிருந்து கேக் போகும். இரண்டும் போய் வருவது ஒரே நீலப்பூப் பீங்கானில்தான். அது முதலில் யாருடைய பீங்கான் என்பது இரண்டு வீட்டாருக்கும் இப்போது தெரியாது.

ஊரில் யார் வீட்டிலும் கேக் வேகவைக்கும் போறணை கிடையாது. நத்தாருக்கு முந்திய நாள், நிலுக்சனின் பேக்கரியில் பாண் போட்டு முடிந்ததும், அந்தச் சூட்டில் ஊர்ப் பெண்களின் கேக் எல்லாம் வேகும். தட்டுக்கள் எல்லாம் பேக்கரியுடையவை, எல்லாம் ஒரே அளவு. அதனால் ஒவ்வொருத்தியும் தன் மாவில் ஒரு அடையாளம் வைப்பாள். ஒருத்தி கஜுவால் சிலுவை போடுவாள், ஒருத்தி ஓரத்தில் விரலால் அமத்துவாள். யூஜினி தன் இரண்டு தட்டிலும் நடுவில் ஒரு பிளம்ஸ் வைத்து, லெய்லாவின் தட்டில் மட்டும் மூலையில் மூன்று ஈர்க்குக் குத்தியிருப்பாள்.

இந்த வருடம் தட்டுக்கள் வீட்டுக்கு வந்தபோது இரண்டிலும் பிளம்ஸ் இருந்தது. ஈர்க்கைக் காணவில்லை. மேலே தூவிய சீனி வெடித்துப் பொருக்காகிக் கிடந்ததில் குத்திய துளையும் தெரியவில்லை.

"அது நான்தான் புடுங்கினன் ஆன்டி" என்றான் நிலுக்சன், நல்ல காரியம் செய்தவனின் முகத்தோடு. "சின்னப் புள்ளைகள் கடிச்சாத் தொண்டையில குத்தும்தானே."

யூஜினி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மற்ற வருடமென்றால் வேறு கதை. இந்த வருடம் லெய்லாவின் மகள் சிபானா, கட்டாரிலிருந்து புருசனோடு, பெருநாள் வரை நிற்க வந்திருந்தாள். மருமகன் நஜாத் மார்க்கப் பற்றுள்ள பிள்ளை. முந்தின கிழமைதான் வேலியோரம் நின்று, "மாமி, அவங்கட கேக்குல குடிவகை சேப்பாங்களே, நீங்க எப்பிடித் தின்னுற?" என்று கேட்டிருந்தான். அதற்கு லெய்லா, "யூஜினி எங்களுக்கு வேறா செய்யிற மகன். அவட கைய நான் என்ட கையப்போல நம்புற" என்று சொன்னது யூஜினியின் காதில் நன்றாக விழுந்திருந்தது. ஹராமான ஒரு துண்டு அந்த வீட்டுக்குள் போய்விட்டால் அந்தச் சொல் என்னாகும்? கேக் அனுப்பாமல் விட்டால், ஏன் என்று கேட்பார்கள். தட்டு மாறிவிட்டது என்று சொன்னாலோ, அப்படியானால் போன வருடம், அதற்கு முந்தின வருடம் என்று இருபத்தேழு வருடமும் சந்தேகத்தில் விழுந்துவிடும்.

"ஒங்களால ருசி பாக்கவும் ஏலாது, நேர்த்தி இருக்கு" என்றாள் யூஜினி. கில்பட் தலையை ஆட்டினார். அந்தத் தலைக்குள், இரண்டு தட்டிலும் ஒரு சொட்டுப் பிரண்டி இல்லை என்பது மணிபோல அடித்துக்கொண்டிருந்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்த முடியுமா?

"மணந்தாவது சொல்லுங்க."

கில்பட் இரண்டு தட்டையும் மணந்தார். இதுதான் என்று ஒன்றைக் காட்டியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் பயந்தவனுக்குப் புத்தி பின்னால்தான் வரும். "மூக்கடைச்சுத் தடிமன் போல இருக்கு, ஒண்டும் புடிபடுதில்ல" என்று மூக்கை உறிஞ்சினார்.

ஆகவே நிபுணர் அழைக்கப்பட்டார். கோயில் மணி அடிக்கிற யாக்கோபு, குடிவகையில் ஐம்பது வருட அனுபவம். இரண்டு தட்டிலும் ஒரு துண்டு தின்றார். சந்தேகம் தீராமல் இன்னும் ஒவ்வொரு துண்டு தின்றார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "ரெண்டுலயும் பிரண்டி இருக்கு தங்கச்சி. இதுல கொஞ்சம் தூக்கல்."

இரண்டிலுமா! அப்படியானால் தன் கையே தவறியிருக்கிறது, கரண்டி மாறியிருக்கிறது, தாச்சி மாறியிருக்கிறது என்று யூஜினி முடிவுகட்டினாள். திரும்பச் செய்யத் தோசியும் இல்லை, போறணையும் ஆறிவிட்டது. இரண்டு தட்டையும் துணியால் மூடிவிட்டு அழுதாள்.

நத்தார்ப் பூசையில் சுவாமி வழமைபோல, "நம்மட கில்பட்டைப் பாருங்க" என்றார். சனம் பார்த்தது. யூஜினியும் பார்த்தாள். அழுது வீங்கிய அந்தக் கண்களில், இந்த மனிசன் ஒருவராவது நமக்கு மிச்சமிருக்கிறார் என்பது போன்ற ஒரு ஆறுதல் தெரிந்தது. கில்பட்டுக்கு எண்ணெய்க் கானைப் பிடித்துக்கொண்டு கிடந்த அந்த நாலு மணித்தியாலம் இதைவிடச் சுகமாக இருந்தது.

காலையில் யூஜினி கடை பிஸ்கட் பக்கட்டைப் பிரித்து, நீலப்பூப் பீங்கானில் வட்டமாக அடுக்கினாள். அடுக்கி முடித்ததும் பீங்கானைப் பார்த்தபடி நின்றாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் சிபானாவின் பிள்ளைகள், "கேக் மாமி எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தன.

"யூஜினி" என்றார் கில்பட். "ரெண்டு தட்டுலயும் பிரண்டி இல்ல."

"யாக்கோபண்ணன் சொன்னாரே."

"அவர் சொன்னா? போத்தல்ல இருந்தது பிளேன்டீ. பிரண்டிய நான் குடிச்சிட்டன். இந்த வருசம் முழுசா. முந்தின ரெண்டு வருசமும் கொஞ்சம் கொஞ்சம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் இப்படித்தான் கடைசியில் தன் கையாலேயே சோற்றைக் கிளற வேண்டியிருந்தது. யூஜினி கத்துவாள், பீங்கான் பறக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் பிஸ்கட்டுக்களை ஒவ்வொன்றாகப் பக்கட்டுக்குள் திரும்பப் போட்டாள். கத்தியை எடுத்து ஒரு தட்டுக் கேக்கைத் துண்டு போட்டாள். பீங்கான் நிறைந்ததும்தான் வாயைத் திறந்தாள்.

"குடிச்சதுக்கு அன்னம்மா கேக்கட்டும். அது ஒங்களுக்கும் அவவுக்கும் உள்ள கதை. நான் போத்தல நீட்டி மணம் எப்பிடி எண்டு கேட்டன். தூக்குது எண்டு சொன்னீங்க. எனக்கு மூக்கில்ல எண்டு தெரிஞ்சும் சொன்னீங்க. அதுக்கு நான் என்ன செய்யிறது?"

யூஜினி பீங்கானைத் தூக்கிக்கொண்டு போனாள். அடுத்த வீட்டில் முதலில் குசுகுசுப்பு. பிறகு லெய்லாவின் சிரிப்பு, வேலி கடந்து, ரோட்டுக் கடந்து, கடற்கரை வரை கேட்டது. பின்னேரம் அவள் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "தம்பி, பிளேன்டீ கேக் நல்லா இருந்திச்சி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள். நஜாத் நாலு துண்டு தின்றானாம்.

இதை யூஜினி ஊரில் வேறெவருக்கும் சொல்லவில்லை. கேக் தின்ற பங்குச் சனம் முழுவதும், இந்த வருடம் பிரண்டி நல்லா ஏறியிருக்கிறது என்று மெச்சியது. சுவாமியும் மெச்சினார். யூஜினி ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிவிட்டுக் கில்பட்டை ஒருமுறை பார்ப்பாள். அவள் நாலு பேருக்குச் சொல்லியிருந்தால் கூட அவருக்கு இவ்வளவு வலித்திராது.

மூக்குப் பதவி அன்றோடு பறிபோனது. மறுநாளிலிருந்து யூஜினி கறியைச் சிரட்டைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போவாள். "லெய்லா ராத்தா, இது என்ன மணம்?" அங்கிருந்து தீர்ப்பு வரும். நோன்பு மாதத்திலும் அது நிற்கவில்லை. "மணக்கிறதால நோம்பு முறியாது புள்ள, கொண்டா" என்பாள் லெய்லா. கில்பட்டுக்குச் சோறு வந்தது, மீன் வந்தது, நல்ல துண்டாகவே வந்தது. சட்டி மூடி மட்டும் அவர் பக்கம் வரவில்லை. பிரண்டியும் இல்லாமல், மூடியும் இல்லாமல், மனிதர் மெய்யாகவே நேர்த்திக்காரராகிப் போனார். சனம் அவரைப் பாராட்ட அதை விடப் பொருத்தமான காலம் இருந்ததில்லை, ஆனால் அந்த மூன்று மாதமும் சுவாமி வேறு விசயங்களைப் பற்றித்தான் பிரசங்கம் வைத்தார்.

பெருநாளன்று நீலப்பூப் பீங்கானில் வட்டிலப்பத்தோடு லெய்லாவே வந்தாள். யூஜினி ஒரு துண்டை வெட்டினாள். என்ன நினைத்தாளோ, அதைக் கில்பட்டின் முகத்துக்கு நேரே நீட்டி, "மணந்து சொல்லுங்க" என்றாள்.

விருந்தாளி எதிரே நிற்கிறாள். பெருநாள் பலகாரம். "ஆ, அருமை" என்பதைத் தவிர வேறெதையும் மனிசப் பிறவி சொல்லாத இடம். கில்பட் கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். வியர்த்தது.

"ஏலக்காய் கூடிப்போச்சு" என்றார். "கருப்பட்டி காய்ச்சக்குள்ள அடிப்பிடிச்சும் இருக்கு."

லெய்லா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அல்லாஹ்வே, சிபானா கிண்டினது. அடிப்பிடிக்குதுடி எண்டு நான் அப்பவே தொண்ட கிழியக் கத்தின" என்றாள். "ஊட்டுல எல்லாரும் நல்லா ஈக்கி எண்டுதான் தின்னுறாங்க."

அடுப்பில் மீன் கறி கொதித்துக்கொண்டிருந்தது. யூஜினி போய் மூடியைத் திறந்து, துணியால் பிடித்தபடி சட்டியோடு தூக்கிவந்து அவர் முன்னால் நீட்டினாள். ஆவி அவர் முகத்தில் அடித்தது. அவர் கண் கலங்கியது மிளகாயாலா என்று லெய்லா கேட்கவில்லை.

"பச்ச மணம் இன்னும் போகல்ல" என்றார் கில்பட்.

யூஜினி சட்டியைத் திரும்ப அடுப்பில் வைத்து மூடினாள்.