மீசை முளைக்காத மூப்பர்கள்

எங்கள் அம்மா ஒரு மதத்தை விட்டுவிட்டு இன்னொரு மதத்தில் சேரப் போய், டீ குடிக்க முடியாதே என்று பாதி வழியில் திரும்பி வந்தவள். ரொம்ப நாள் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கல்லூரி விடுதியில் சொன்னேன், வேலைக்குப் போன இடத்தில் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கிற மாதிரிதான் நானும் சொல்வேன்.

அப்போது நாங்கள் கோவில்பட்டியில் ஒரு வளவு வீட்டில் குடியிருந்தோம். ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்தாறு குடும்பங்கள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். அப்பாவுக்கு மில்லில் ஷிப்ட் வேலை. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் ஐந்தாம் வகுப்பு.

நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பாவும் அம்மாவும் ஒரு சபையில் இருந்தார்கள். சபையின் பேர் இப்போது எதற்கு? வெள்ளை உடுப்புதான் உடுத்த வேண்டும். நகை கூடாது, பூ கூடாது, சினிமா கூடாது, மருந்து கூடவே கூடாது. காய்ச்சல் என்றால் பாஸ்டர் வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு வைத்து ஜெபிப்பார். குணமானால் கர்த்தரின் கிருபை. குணமாகாவிட்டால் அந்த வீட்டில் யாரோ ஒருவருக்கு விசுவாசம் போதவில்லை. இந்த ஏற்பாட்டில் பாஸ்டர் தோற்று நான் பார்த்ததில்லை.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது நடந்தது இது; என் தம்பிக்கு மூன்று வயது ஆகியிருக்கவில்லை. வயிற்றோட்டம், அதோடு காய்ச்சல். பக்கத்து வீட்டுக்காரி மனசு கேட்காமல் மெடிக்கலுக்கு ஓடிப்போய் ஒரு மருந்துப் பாட்டிலும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் வாங்கி வந்து அம்மா கையில் திணித்தாள். அம்மா அதை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். எடுக்கப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தாளே தவிர, கடைசி வரைக்கும் கொடுக்கவில்லை. பாஸ்டர் சொல்லைத் தட்டக் கூடாது என்று இருந்துவிட்டாள். தம்பி போய்விட்டான்.

அடக்கத்தன்று பாஸ்டருக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. இந்த வீட்டுக்குள் மருந்து நுழைந்தது, தாயின் அவிசுவாசம்தான் பிள்ளையை வாங்கிக்கொண்டது என்று அத்தனை பேருக்கு முன்னால் பிரசங்கம் செய்தார். கொடுக்காத மருந்துக்கு இந்தத் தண்டனை. அம்மா அழவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் சபைக்குப் போகவில்லை. அதற்கும் அடுத்த வாரம், தூர்ந்துபோயிருந்த காதை ஆசாரியிடம் மறுபடி குத்தி, கவரிங் கம்மல் ஒன்று போட்டுக்கொண்டு வந்தாள். காது வீங்கிச் சீழ் கோத்தது. அதற்கு மாத்திரை வாங்கி, வளவு முற்றத்தில் நின்று எல்லாரும் பார்க்க விழுங்கினாள். என்னைக் கூட்டிக்கொண்டு மேட்னி ஷோ போனாள். ஞாயிறு ஆராதனை முடிந்து சபையார் வெளியே வருகிற நேரம் பார்த்து, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு அந்தச் சபைத் தெருவழியாகத்தான் கடைக்குப் போவாள். கடை எங்கள் தெருவிலேயே இருந்தது. சபைப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

அப்பா மட்டும் ஞாயிறுதோறும் போய்க்கொண்டுதான் இருந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையை அம்மாதான் தேய்த்துக் கொடுப்பாள். தேய்க்கும்போது வாய் தன்னை அறியாமல் ஒரு கீர்த்தனையைப் பிடிக்கும். இரண்டு வரி போனதும் நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்திவிடுவாள். சாமி இல்லாமல் இருக்க அவளுக்குத் தெரியவில்லை. பழைய சாமியிடம் போகவும் மனசில்லை.

இந்த நேரத்தில்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் உடன்பிறந்த தம்பி. கோயம்புத்தூரில் லேத்துப் பட்டறையில் வேலை. பொங்கலுக்கு வந்தவர், தான் மார்மன் ஆகிவிட்டதாகச் சொன்னார். அப்படி ஒரு சாதி இருப்பதாக நான் நினைத்துக்கொண்டேன். அமெரிக்காவிலிருந்து வந்த சபையாம். "அக்கா, இங்கன கம்மல் போடலாம், பூ வைக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போலாம், சினிமாகூடப் பாக்கலாம்" என்று ஆடித் தள்ளுபடிக்காரர் மாதிரி அடுக்கினார். அம்மா சிரித்துக்கொண்டாள். ஆனால் அவர் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: குடும்பம் செத்தாலும் பிரியாது, மேலே போயும் ஒன்றாகவே இருக்கும் என்பது அவர்கள் போதனை. அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு மாமா எப்போது போன் பண்ணினாலும் அம்மா எஸ்.டி.டி. பூத்தில் நின்று இதையே கேட்டாள். சித்திரை பிறப்பதற்குள் தீர்மானித்தும் விட்டாள். "நான் சேரப்போறேன். நீங்களும் வரணும்" என்று அப்பாவிடம் சொன்னபோது அப்பா மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவருக்கு அது வழக்கம்தான்.

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த சமயம், மாமா இரண்டு மூப்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூப்பர் என்றால் எங்கள் பழைய சபையில் நரைத்த தாடியும் கைத்தடியுமாக இருப்பார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. ஒருத்தன் அமெரிக்காக்காரன், வெயிலில் சிவந்து போயிருந்தான். இன்னொருத்தன் ஆந்திராப் பக்கம். அந்தக் கத்திரி வெயிலில் கழுத்தில் டை கட்டி, சட்டையில் கறுப்பாகப் பெயர்ப் பட்டை குத்தியிருந்தார்கள். வளவே வாசலில் கூடிவிட்டது.

அம்மா பக்கத்து வீட்டில் நல்ல டம்ளர் இரவல் வாங்கி டீ போட்டுக் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் கைகூப்பி வேண்டாம் என்றார்கள். இன்னொரு தடவை நீட்டினாள். திரும்பவும் கைகூப்பினார்கள். அம்மா முகம் கறுத்துவிட்டது. எங்கள் ஊரில் ஒருவர் உங்கள் வீட்டுத் தண்ணீரைத் தொடவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"ஏலே, நாம யாருன்னு இவியகிட்ட யாரு சொன்னா? நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டாவளோ? எந்திரிச்சுப் போகச் சொல்லு."

மாமா பதறிப்போனார். அப்புறம்தான் உண்மை வெளியே வந்தது. அந்தச் சபையில் டீ, காப்பி யாரும் குடிக்கக் கூடாது. மற்றதையெல்லாம் அடுக்கிய மாமா இதை மட்டும் மறைத்துவிட்டார். ஒரு நாளைக்கு அம்மா எத்தனை டீ குடிப்பாள் என்று அவருக்குத் தெரியும்.

"அங்கன காதைப் புடிச்சாவ, இங்கன வாயைப் புடிக்காவளாக்கும்" என்றாள் அம்மா. கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைக் கடைக்கு அனுப்பிக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னாள். அதை அந்த வெள்ளைக்காரப் பையன் மூச்சு விடாமல் குடித்தான். டீ டம்ளர்களைத் தட்டு போட்டு மூடி ஓரமாக வைத்தாள். வந்து உட்கார்ந்து, "சரி, விட்டிருதேன். டீதான, பெருசா" என்றாள். இதை நான் என் காதால் கேட்டேன். கேட்டும், அத்தனை வருடம் கதையைத் தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு பேச்சு ஆரம்பித்தது. வெள்ளைக்காரப் பையன் அரைப்பக்கம் பேசுவான், மாமா அதை அரை வரியில் தமிழில் சொல்வார். ஒரு படம் காட்டினார்கள். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் வெள்ளை உடுப்பில் நின்றார்கள். "இங்கயும் வெள்ளைதானா?" என்று அம்மா முனகினாள். ஆனால் உன்னிப்பாகக் கேட்டாள். கடைசியில், கேட்க வேண்டியதைக் கேட்டாள். மருந்து கொடுக்காததையும் பாஸ்டர் சொன்னதையும் சொல்லி, என் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறான் என்றாள்.

மாமா அதை மொழிபெயர்க்கத் திணறினார். பையன் கேட்டு முடித்ததும் படத்தைக் கீழே வைத்துவிட்டான். எட்டு வயதுக்குள் போகிற பிள்ளைகளுக்குப் பாவம் கிடையாது, அவர்கள் நேராகக் கடவுளிடம்தான் போகிறார்கள், யாருடைய அவிசுவாசமும் அதைத் தடுக்காது என்றான். அம்மா திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னான். இன்னொரு தடவையும் கேட்டாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தம்பி செத்து இரண்டு வருடம் கழித்து அன்றுதான் அவள் அழுததை நான் பார்த்தேன். பையனுக்கும் கண் கலங்கிவிட்டது. அவனும் யாரோ பெற்ற பிள்ளைதானே.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மா அடுத்ததைக் கேட்டாள்: "அப்ப நான் போனா எங்கிட்ட வந்துருவானா?"

வருவான் என்றான் பையன். அதற்கு ஒரு முறை இருக்கிறது. கடல் தாண்டி ஓர் ஆலயம் இருக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து அங்கே போய், பிள்ளையை என்றைக்கும் பிரியாதபடி தங்களோடு முத்திரித்துக்கொள்ள வேண்டும். போவதற்கு முன்னால் சபைத் தலைவர் கூப்பிட்டுக் கேள்விகள் கேட்பார், தகுதி இருந்தால் அனுமதி தருவார். மாமா இதை உற்சாகமாகவே சொல்லிக்கொண்டு வந்தார்.

"தகுதியா?" என்றாள் அம்மா. "என்ன கேப்பாவ?"

"நேர்மையா இருக்கியா, கட்டளையெல்லாம் கைக்கொள்ளுதியான்னு கேப்பாவ. டீ, காப்பி குடிக்கியான்னும்."

"குடிக்கேன்னு சொன்னா?"

மாமா பையனைப் பார்த்தார். அம்மா விடவில்லை. டீ குடித்தால் என் பிள்ளை எனக்கு இல்லையா என்று அவனிடமே கேள் என்றாள். பையன் தவித்தான். ரொம்ப மென்மையாக, ரொம்ப நேரம் பேசினான். மாமா சுருக்கினார்: "இப்பம் அதெல்லாம் யோசிக்க வேண்டாங்காவ."

அம்மா எழுந்தாள். மூடி வைத்திருந்த டம்ளரை எடுத்தாள். டீ ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது.

"எவனோ சொன்னான்னுதான் வாங்கி வச்ச மருந்தக் குடுக்காம இருந்தேன். சுமந்தவ நான், பெத்தவ நான், குழியில வச்சவளும் நான். அவன் எம்பிள்ளைன்னு இனி ஒருத்தன் எனக்குச் சீட்டுக் குடுக்கணுமோ?"

நின்றபடியே அந்த டீயை ஆடையோடு குடித்தாள். இன்னொரு டம்ளரையும் எடுத்துக் குடித்தாள். வாசலில் நின்ற வளவு ஜனம் எட்டி எட்டிப் பார்த்தது. நான் உள்ளுக்குள் கைதட்டினேன். எங்கம்மா யாருக்கும் அடங்க மாட்டாள் என்று அன்றைக்கு எனக்குத் தலை கால் புரியாத கர்வம்.

பையன்கள் மேல் அவளுக்கு வருத்தம் இல்லை. போகும்போது ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் கொடுத்தாள். வெள்ளைக்காரப் பையனைப் பார்த்து, "நல்லது சொன்ன, நல்லா இரு" என்றாள். மாமாதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். சமாதானமாக அவருக்கு ஒரு வருடம் பிடித்தது.

அன்று சாயங்காலம் அம்மா நாலு முழம் பூ வாங்கிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பழைய சபையின் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள். ஊருக்கு வெளியே, கரிசல் காட்டுக்குள் இருந்தது. அந்தச் சபையில் கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது, பேர் எழுதக் கூடாது, பூப் போடக் கூடாது. வாசல் படல் பூட்டியிருந்தது. அம்மா முள்வேலியைத் தூக்கிக்கொண்டு நுழையப் பார்த்தாள், சேலை மாட்டிக்கொண்டது. பின்னால் சைக்கிள் சத்தம் கேட்டது. ஷிப்ட் முடிந்து, வளவில் விசாரித்துக்கொண்டு வந்த அப்பா. சைக்கிளைச் சாய்த்துவிட்டு, முள்ளைக் கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளே எந்த மேடும் இல்லை. கரிசல் மண் மழைக்கு ஊதி, வெயிலுக்கு வெடித்து, எல்லாவற்றையும் ஒன்றாக்கியிருந்தது. பிள்ளைகளைப் புதைக்கிற மூலை எது என்பது மட்டும்தான் தெரிந்தது. அம்மா இங்கேயும் அங்கேயும் நின்று பார்த்தாள். எது தம்பி என்று நான் கேட்டேன்.

"எதா இருந்தா என்னட்டி? இங்கன கெடக்க பிள்ளைய எல்லாம் மருந்து காணாமப் போனதுவதான்."

பூச்சரத்தைப் பிய்த்து அந்த மூலை முழுக்கப் போட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து, வெடித்த மண்ணின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும் போல் இருந்தது. பாஸ்டரை எதிர்த்தவள், வெள்ளைக்காரனை எதிர்த்தவள், இங்கே வந்து பயந்தவள் மாதிரி ஏன் இப்படி மெதுவாகத் தடவுகிறாள் என்று எரிச்சலாகக்கூட இருந்தது. அடக்கத்துக்குப் பிறகு அவள் அந்த இடத்துக்கு வருவது அன்றுதான் முதல் தடவை என்பது எனக்குத் தெரியாது. அத்தனை வீறாப்பாகத் திரிந்தவள், தன் பிள்ளை தன்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வானோ என்று அந்த இரண்டு வருடமும் நடுங்கிக்கொண்டிருந்தாள் என்பதும் தெரியாது.