முட்டி போட்ட காலை

சித்தூரில் நான் படித்த பள்ளியில், நேரம் கழித்து வந்தால் கேட்டுக்கு வெளியே ரோட்டைப் பார்த்து முட்டி போட வேண்டும். கழுத்தில் 'லேட்' என்று எழுதிய அட்டையை மாட்டிவிடுவார்கள். போகிறவர், வருகிறவர் எல்லாரும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

எட்டாவது படிக்கும்போது, ஒருநாள் குடிபாலாவிலிருந்து வரும் பஸ் வழியில் நின்றுவிட்டது. நான் அட்டையோடு முட்டி போட்டிருந்தேன். மண்டிக்கு வெல்லம் ஏற்றிக்கொண்டு வந்த என் அப்பா, நைனா, என்னைப் பார்த்ததும் மாட்டுவண்டியை நிறுத்தினார்.

ஹெட்மாஸ்டரிடம் போய் தெலுங்கில் கெஞ்சினார். "பஸ்ஸு மேல தப்பு சார். வேணும்னா நான் முட்டி போடறேன், பாப்பாவை உள்ள வுடுங்க."

"சரி, போடு" என்றார் ஹெட்மாஸ்டர்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நைனா தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் முட்டி போட்டார். வகுப்பு ஜன்னல்களில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"எழுந்திரு நைனா" என்று அழுதேன்.

"நீ உள்ள போம்மா. பாடம் போய்க்கினு இருக்குது."

போனேன். அன்று நடத்திய பாடம் எதுவும் காதில் ஏறவில்லை.

முழுப்பரீட்சை முடிந்ததும், இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மா திட்டினாள், அடிக்கவும் வந்தாள். நைனா மட்டும் ஏன் என்று கேட்கவில்லை.